ஹேமலதாவின் லட்ச ரூபாய் வண்டி

குலுக்கலில் கார் விழுந்திருக்கிறது என்று கணவர் வசந்த் கோத்தளே வந்து சொன்னபோது, ஹேமலதா பொரிக்கு மசாலா தாளித்துக்கொண்டிருந்தாள். பூண்டு கருகிவிடும் என்பதால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மிரஜ் ஊரில் அவள் வறுக்கும் காரப்பொரிக்கு ஒரு பெயர் இருந்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எட்டுக் கடைகள் அவளிடம்தான் வாங்கின. ஒரு நாள் பூண்டு கருகினாலும் எட்டுக் கடையிலும் பேச்சு வரும்.

லட்ச ரூபாய்க்குக் கார் என்று அறிவிப்பு வந்ததும் நாடு முழுக்கப் பதிவு செய்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க வண்டி இல்லாததால் குலுக்கிப் போட்டார்கள். வசந்த் பதிவு செய்ததே வீட்டில் பாதி விளையாட்டாகத்தான் பேசப்பட்டது. அவருக்கு மட்டும் அது விளையாட்டாக இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர்களின் எலும்புகளைப் பத்தொன்பது வருஷமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவந்தார். பிறகு அதே கையால் தன் ஸ்கூட்டரைக் கிளப்பி, முன்னால் சின்ன மகளை நிறுத்தி, பின்னால் பெரியவளையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போவார். போகும்போது யாரோடும் பேசமாட்டார். ஏன் பேசுவதில்லை என்று ஹேமலதாவுக்கு அந்த வருஷம்தான் புரிந்தது.

தசராவுக்கு முந்தின நாள் வண்டி வந்தது. எலுமிச்சம்பழ மஞ்சள். ஏசி இல்லை, ரேடியோ இல்லை, கண்ணாடி துடைக்க ஒற்றைத் துடைப்பான், பக்கவாட்டில் ஒரே ஒரு கண்ணாடி. எஞ்சின் பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. வீட்டில் யாருக்கும் ஓட்டத் தெரியாததால், தெருமுனையில் பட்டறை வைத்திருந்த சலீம் மேஸ்திரிதான் சாங்லியிலிருந்து ஓட்டி வந்தார். மறுநாள் சாமந்தி மாலை போட்டு, அவரே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சொந்த ஊரான பேடகுக்கும் போனார்.

பேடகில் வசந்தின் அண்ணன் ரங்கராவ் இருந்தார். சாங்லி மஞ்சள் மண்டியில் கமிஷன் கடை, ஊரில் திராட்சைத் தோட்டம், வாசலில் வெள்ளை ஜீப். தம்பியின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூடியிருந்தவர்கள் கேட்கும்படி சொன்னார்:

"வசந்தா, மீதி எங்கடா? முன்பாதிய அப்புறமா அனுப்பறேன்னாங்களா?"

ஊரே சிரித்தது. வசந்தும் சேர்ந்து சிரித்தார். ரங்கராவின் மனைவி மங்கல், ஆரத்தித் தட்டோடு வந்தவள், தன் பெருத்த உடம்பைத் தானே காட்டி, "நான் இதுல ஏறணும்னா உன் வீட்டுக்காரரை இறக்கி விட்டுட்டுத்தான் ஏத்தணும் ஹேமா" என்றாள். அதற்கும் சிரிப்பு. ஹேமலதாகூடச் சிரித்தாள், அது நல்ல கேலிதான்.

சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் தோட்டத்து ஆள் வந்து, குட்டி வண்டியை ஜீப்புக்குப் பக்கத்திலிருந்து எடுத்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போடச் சொன்னாங்க என்று சலீமிடம் சொன்னான். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. விருந்தாளிகள் வரப்போகிறார்களாம். சலீம் எடுத்துப் போட்டார். திரும்பும்போது சாமந்தி மாலையில் பாதியை மாடு தின்றிருந்தது. மீதியை வீடு வந்ததும் ஹேமலதா கழற்றிக் குப்பையில் போட்டாள்.

அடுத்து வசந்த் ஓட்டக் கற்றார். சலீம் ஆறு நாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஏழாம் நாள் மார்க்கெட் சந்தில் வண்டி மெல்லப் போய் ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டியைத் தொட்டது. அடி என்று யாருக்கும் இல்லை. பழங்கள் மட்டும் தெரு முழுக்க உருண்டன. பழக்காரியே வந்து, பரவாயில்லை சாகேப், தண்ணி குடிங்க என்று அவரைத் தேற்றினாள். ஆனால் அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வீட்டுக்கு நடந்தே வந்தவர், பின்னாலேயே சலீம் வண்டியைக் கொண்டுவந்து விட்டதும் சாவியைச் சாமி மாடத்தில் வைத்தார். வண்டிமேல் தார்ப்பாய் போர்த்தினார்.

மூன்று மாதம் அது அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதன்மேல் மிளகாய் காயப்போட்டார்கள். கோத்தளே வீட்டுல காருக்குப் போர்வைகூட இருக்கு, ஓட்டத்தான் ஆள் இல்லை என்று தெருவில் ஒரு பேச்சு. அது வசந்தின் காதிலும் விழுந்தது. அவர் மறுபடியும் ஸ்கூட்டரில் போய்வர ஆரம்பித்தார். மகள்களை மட்டும் அதில் ஏற்றவில்லை, ஷேர் ஆட்டோவில் அனுப்பினார்.

சங்கராந்திக்கு எள்ளுருண்டை பிடித்து முடித்த கையோடு ஹேமலதா சாமி மாடத்திலிருந்து சாவியை எடுத்தாள். அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஊரிலிருந்த ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபது நாள் சேர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த ஆள் நல்லவர்தான். ஆனால் கிளட்ச், பிரேக், கியர் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். அம்மா, நீங்க ஸ்டியரிங்க மட்டும் பிடிங்க, மத்தத நான் பாத்துக்கறேன் என்பார். இருபது நாளும் அவள் காலுக்கு வேலையே வரவில்லை. கடைசி நாள் இறங்கும்போது, "நாளைக்கு நான் தனியாப் போனா மத்தத யாரு பாத்துக்குவா?" என்று கேட்டாள். பொம்பளைங்க ஏன் தனியாப் போகணும் என்று அவர் உண்மையாகவே வியந்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வசந்த் தானாகவே சொன்னார், நான் பக்கத்துல உக்காரறேன் என்று. அவருக்கு ஓட்டத்தான் பயமே தவிர, வண்டியோடு வந்த கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை மனப்பாடமாகப் படித்திருந்தார். விடிந்ததும் சலீம் வண்டியை ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய பால்பண்ணை மைதானத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். வசந்த் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை மடியில் விரித்து வைத்தார்.

"கிளட்ச்ச முழுசா மிதி. ஒண்ணாவது கியர். இப்ப காலை மெதுவா எடு. மூச்சப் பிடிக்காத. விடு, விட்டுடு."

"இதுவும் புத்தகத்துல போட்டிருக்கா?"

"இல்ல. அது என் எக்ஸ்ரே வேலைல இருக்கறது."

வண்டி குலுங்கி நின்றது. பதினோரு முறை நின்றது. பன்னிரண்டாம் முறை நகர்ந்தது. நிறுத்தினால் மறுபடி நகருமோ நகராதோ என்று, அவள் மைதானத்தை ஏழு சுற்றுச் சுற்றினாள். பால்பண்ணைக் காவல்காரர் எழுந்து வந்து சுவரோரம் நின்று பார்த்தார்.

இரண்டு மாதத்தில் உரிமம் வாங்கினாள். எட்டுப் போடும் இடத்தில், இந்தப் பொம்மையில எட்டு என்னம்மா, பதினாறே போடலாம் என்றார் அதிகாரி. அவர் கேலியாகச் சொன்னது உண்மையாகவே இருந்தது. அந்த வண்டி குறுகின சந்திலும் ஒரே ஒடிப்பில் திரும்பும். மூக்கு இல்லாததால் டயருக்கு முன்னால் கிடக்கும் கல்கூடச் சீட்டிலிருந்து தெரியும். சீட்டு உயரமாக இருந்ததால் ஒன்பது கஜச் சேலை கட்டியவள்கூடக் கொசுவம் கலையாமல் ஏறி இறங்கலாம். இதையெல்லாம் ஹேமலதா யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பின் சீட்டில் பொரி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு அவள் ஜெயசிங்பூர் வரை போனாள். எட்டுக் கடை இருபத்தாறு கடையாயிற்று. இன்னொரு சங்கதியும் அவளுக்குப் புலப்பட்டது. நடுரோட்டில் எஞ்சின் அணைந்துபோனால், பெரிய வண்டிக்காரனைத் திட்டும் ஊர், இந்த வண்டியைப் பார்த்ததும் சிரித்துவிடும். சிரிக்கிறவர்கள் வழிவிட்டுவிடுவார்கள்.

முதலில் கேட்டது எஸ்தர் வாக்மாரே. வசந்தின் ஆஸ்பத்திரியில் நர்ஸ், புருஷன் துபாயில். வீட்டு வாசலில் அவன் வாங்கிவைத்த கார் நின்றது, அதை ஓட்ட அவன் வருஷத்துக்கு ஒரு முறை வரவேண்டியிருந்தது. எனக்குச் சொல்லிக்குடுங்கக்கா, ஆம்பளைங்க கத்துறாங்க, கத்தினா எனக்கு வலது கால் எது இடது கால் எதுன்னே மறந்துபோகுது என்றாள். ஹேமலதா அவளுக்குக் கத்தாமல் சொல்லிக்கொடுத்தாள். எஸ்தருக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட டீச்சர், பிறகு இரண்டு வக்கீல் வீட்டு மருமகள்கள், பிறகு ஒரு பால்காரி. சலீம் மேஸ்திரி இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் வைத்துக்கொடுத்தார். வேகம் காட்டும் முள் அந்த வண்டியில் நட்டநடுவில் இருக்கும், இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லிக்கொடுக்கவென்றே செய்தது மாதிரி இருக்கு என்று சலீமே அதிசயப்பட்டார். முறைப்படி பரீட்சை எழுதி, காகிதங்கள் வாங்கி, வீட்டு வாசலில் டிரைவிங் ஸ்கூல் என்று பலகை மாட்ட இரண்டு வருஷம் ஆயிற்று. பெண்களுக்கு மட்டும் என்று எழுதவில்லை. எழுதாமலேயே ஆண்கள் வரவில்லை.

மங்கல் வந்தது அதற்கப்புறம் மூன்றாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை. கண் டாக்டரைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். தண்ணீர் குடித்தாள், காரப்பொரி தின்றாள், மகள்களின் படிப்பை விசாரித்தாள். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"அவருக்குக் கண்ணு தெரியல ஹேமா. சக்கரை கண்ணத் தின்னுடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒத்துக்கமாட்டேங்கறாரு. சாயந்தரம் மண்டியிலேர்ந்து நான் பக்கத்துல உக்காந்து, மாடு வருது, சைக்கிள் வருதுன்னு சொல்லிக்கிட்டே வரேன். போன வாரம் ஒரு கரும்பு வண்டி. அரை அடிதான்."

"டிரைவர் வெச்சுக்கலாமேக்கா."

"வெச்சாச்சு. மூணு பேரை. திட்டித் துரத்திட்டாரு." மங்கல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "எனக்கு அம்பத்தாறு. என்னால ஆகுமா, சொல்லு."

ஹேமலதாவுக்கு அந்த நொடியில் மாட்டுக் கொட்டகை நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது, சற்று நின்றது. அவள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மங்கல் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் அழுந்தியது. இருவரும் அதைக் கவனித்தார்கள், ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து செவ்வாயும் சனியும் கண் டாக்டர் நாளாயிற்று. மங்கல் பஸ்ஸில் வருவாள், மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுவாள், பஸ்ஸில் போவாள். மங்கலைப் போல மெதுவாகக் கற்ற இன்னொருத்தி அந்தப் பள்ளியில் இல்லை. கியர் மாற்றும்போது கியரைப் பார்ப்பாள், ரோட்டைப் பார்க்கமாட்டாள். ஒரு நாள் ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதாள். இவ்வளவு வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்து என்னத்தப் பாத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் வாரம், முதன்முறையாக மைதானத்தை விட்டுப் பெரிய ரோட்டுக்கு வந்தார்கள். மழை விட்டிருந்தது, வெறிச்சென்ற காலை. மங்கல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னாள்:

"அன்னிக்கு தசராவுல உன் வண்டியக் கொட்டகைக்குப் பின்னால போடச் சொன்னது அவரில்ல. நான்."

ஹேமலதாவின் கால் தன் பக்கத்துப் பிரேக்கின்மேல் இருந்தது, மிதிக்கவில்லை.

"என் தம்பி பொண்டாட்டி வர்றா, அவ வாய் சரியில்ல. நம்ம வீட்டு ஆளுங்க இந்த வண்டியில வந்திருக்காங்கன்னு பாத்தா ஊர் ஊராச் சொல்லுவா. அதான். அவரு கேலி பண்ணுவாரு, ஆனா அப்படிச் செய்யமாட்டாரு."

இத்தனை வருஷமும் ரங்கராவின்மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வது என்று ஹேமலதாவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்தவளின் நெற்றியில் வியர்வை வழிந்து புருவத்தில் நின்றது, துடைக்கக் கையை எடுக்க அவளுக்குத் தைரியமில்லை. ஹேமலதா தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"மூணாவது போடுங்கக்கா. எஞ்சின் அழுவுது பாருங்க."

மங்கல் மூன்றாவது போட்டாள். கியரைப் பார்க்காமல் போட்டாள்.

வந்த உரிமத்தை மங்கல் அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாள். கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம், மண்டியிலிருந்து திரும்பும் வழியில் கால்வாய் மேட்டில் ரங்கராவ் ஜீப்பை நிறுத்திவிட்டார். எதிரே வந்த லாரிகளின் வெளிச்சத்தில் ரோடு எங்கே, கால்வாய் எங்கே என்று தெரியவில்லை. எஞ்சின் சூடாயிடுச்சு, கொஞ்சம் ஆறட்டும் என்று அவர் சொன்னார். மங்கல் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். நகருங்க என்றாள். அவரும் நகர்ந்துகொண்டாராம். இரண்டாவதும் மூன்றாவதுமாகப் போட்டு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். ஜீப்பின் மூக்கு அவ்வளவு நீளம் ஹேமா, அது எங்க முடியுதுன்னே தெரியல, கடவுள்தான் முடிச்சு வெச்சாரு என்று மறுநாள் போனில் சொன்னாள். பயத்தில் சொன்னாளா, சந்தோஷத்திலா என்று ஹேமலதாவால் பிரிக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் மிரஜுக்கு வந்தது. மங்கல் ஓட்டி வந்தாள். ரங்கராவ் பின் சீட்டில், முதலாளி உட்காரும் மாதிரி, வாசிக்க முடியாத செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு வந்தார். வசந்த் பதறிப்போய் நாற்காலி போட்டார். ஹேமலதா டீ வைத்தாள். ஒரு சண்டைக்கு எல்லோரும் தயாராக இருந்தார்கள். ரங்கராவ் டீயைக் குடித்து முடித்தார், கோப்பையைத் தடவிப் பார்த்துத் தரையில் வைத்தார்.

"அவளுக்கு ரிவர்ஸ் வரல," என்றார். "வாசல் தூணை ரெண்டு தடவை இடிச்சாச்சு. அதையும் சொல்லிக்குடு."

மன்னிப்பு மாதிரியும் இல்லை, நன்றி மாதிரியும் இல்லை, ஆனால் அந்த மனிதர் இதைச் சொல்ல பத்து நாள் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது ஹேமலதாவுக்குத் தெரிந்தது.

"நாலு நாள் ஆகும்," என்றாள். "வாங்க, இன்னிக்கே ஆரம்பிக்கலாம். நீங்களும் பின்னால உக்காருங்க. அக்கா பண்றது உங்களுக்குக் கேக்கட்டும்."

ஆறடி மனிதர் அந்த மஞ்சள் வண்டிக்குள் குனிந்து ஏறினார். தலை இடிக்கும் என்று ஒரு கையை உயர்த்திப் பிடித்திருந்தார். இடிக்கவில்லை. முழங்காலுக்கும் இடம் இருந்தது. அவர் கூரையைத் தொட்டுப் பார்த்தார், சீட்டைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள எடம் இருக்கே வசந்தா," என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். அதில் கேலி இல்லை.

அப்புறம் ஒரு நாள் அந்த வண்டி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். வாங்குவாரில்லையாம். லட்ச ரூபாய் வண்டி என்று பேர் வாங்கினதே அதற்கு வினையாகப் போயிற்று என்று சலீம் மேஸ்திரி சொன்னார். கார் வாங்குகிறவன் நாலு பேர் பார்க்கத்தான் வாங்குகிறான், மலிவு என்று நெற்றியில் எழுதிக்கொண்டு எவன் போவான் என்பது அவர் கட்சி. ஹேமலதா அந்த மாதமே, வைத்துக்கொள்ளக் கூச்சப்பட்டவர்களிடமிருந்து இன்னும் இரண்டு வண்டிகள் வாங்கிப் போட்டாள். ஒன்று வெள்ளை, ஒன்று செங்கல் நிறம். செங்கல் நிற வண்டியை எஸ்தர் விடுமுறை நாட்களில் வந்து ஓட்டிச் சொல்லிக்கொடுத்தாள். வசந்த் ஓய்வு பெற்றுவிட்டு வாசல் மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்தார். அவர் கடைசிவரை ஓட்டவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், நான் வாத்தியாருக்கு வாத்தியார் என்பார்.

போன வைகாசியில், ஒரு சனிக்கிழமை காலை, பால்பண்ணை மைதானத்துக்கு அந்த ஜீப் மறுபடி வந்தது. ஓட்டி வந்த மங்கலுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஜீப்பிலிருந்து பேடகுப் பெண்கள் நாலு பேர் இறங்கினார்கள். ஒருத்தி அங்கன்வாடி ஆயா, ஒருத்தி திராட்சைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரி, மற்ற இருவரும் அக்கா தங்கை. யார் முதலில் ஓட்டுவது என்று நாலு பேருக்கும் வாக்குவாதம் வந்தது. யாருக்கும் முதலில் ஓட்ட விருப்பமில்லை, அதுதான் வாக்குவாதம்.

"நீ போடி, உனக்குத்தான் தைரியம் ஜாஸ்தி."

"எனக்கா? பாம்பக் கையில பிடிச்சவ நீ."

மங்கல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பஸ்ஸுல போறீங்களா, ஏறுறீங்களா?" என்றாள்.

ஹேமலதா மஞ்சள் வண்டியின் கதவுகளைத் திறந்துவிட்டு, நாலு பேரையும் ஏறச் சொன்னாள். அங்கன்வாடி ஆயா ஸ்டியரிங் பக்கம் மாட்டிக்கொண்டாள், மற்ற மூவரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஹேமலதா இடது பக்கம் ஏறி, காலைத் தன் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டு, கிளட்ச்ச முழுசா மிதிம்மா என்றாள். வண்டி குலுங்கி நின்றது. பின் சீட்டில் மூன்று பேரும் சிரித்தார்கள். ஆயா சேலையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி சாவியைத் திருப்பினாள்.